கூட்டுறவு வீட்டுச் சங்கத்தில் சேருமுன்: கணக்கிலிருந்து சாவி வரை

கூட்டுறவு வீட்டுச் சங்கத்தில் சேரும்போது பெரும்பாலும் உங்கள் கைக்கு இரண்டு தாள்கள் வரும். ஒன்று பங்குச் சான்றிதழ், மற்றது குடியிருப்பு ஒப்பந்தம். நிலம், கட்டடம், லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சங்கத்தின் பெயரில் இருக்கும். நீங்கள் சங்கத்தின் பங்குதாரர். அந்தப் பங்கின் பலனாக, இன்ன எண் வீட்டில் குடியிருக்கும் உரிமை உங்களுக்கு. வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் ஒரே ஆள் என்று சுருக்கமாகச் சொல்லலாம். ஆனால் வீட்டுக்காரர் என்ற பாதியில் மற்ற எல்லா உறுப்பினர்களும் உங்களோடு கூட்டு.

புதிதாக வருகிறவர்கள் இதை அடுக்குமாடி உரிமையாளர் சங்கத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பத்திரம், நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு உண்டு. சங்கத்தின் வேலை பராமரிப்பு மட்டும்தான். ஒருவர் வங்கிக் கடனைக் கட்டாவிட்டால் வங்கி அவர் வீட்டைத்தான் தேடி வரும். கூட்டுறவில் பல சமயம் மொத்தக் கட்டடத்தின் மேல் ஒரே கடன் இருக்கும். ஒருவர் தன் பங்கைக் கட்டாமல் விட்டால் அந்தப் பள்ளத்தை மற்றவர்கள் நிரப்ப வேண்டும். கூட்டுறவின் நன்மை, ஆபத்து இரண்டுக்கும் வேர் இந்த ஒரு வேறுபாட்டில்தான் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டி அறைகளின் அகல நீளத்தைப் பற்றிக் கொஞ்சமாகவும் கணக்கைப் பற்றி நிறையவும் பேசும்.

எந்த வகைச் சங்கம் என்று முதலில் கேளுங்கள்

"கூட்டுறவு" என்று பலகையில் எழுதியிருப்பதால் எல்லாச் சங்கமும் ஒன்றாகிவிடாது. வெளியேறும்போது உங்கள் பணம் எப்படித் திரும்பும் என்ற ஒரே கேள்வியில் வகை தெரிந்துவிடும்.

சில சங்கங்களில் பங்கைச் சந்தை விலைக்கு விற்கலாம். வீட்டு விலை ஏறினால் பங்கின் விலையும் ஏறும், இறங்கினால் இறங்கும். ஸ்வீடனிலும் நார்வேயிலும் இன்று இதுதான் வழக்கம். அங்கே முன்பு பங்கு விலைக்கு உச்சவரம்பு இருந்தது. ஸ்வீடனில் 1960-களின் இறுதியிலும் நார்வேயில் 1980-களிலும் அது நீங்கியது. அதன் பிறகு வந்தவர்கள் சந்தை விலை கொடுத்துத்தான் உள்ளே வர வேண்டியிருந்தது.

இரண்டாவது வகை, வரம்புக்குட்பட்ட பங்கு. நீங்கள் போட்ட தொகை, அதோடு துணைவிதியில் (சங்கம் தனக்கென வகுத்துக்கொண்ட விதிகளில்) எழுதியுள்ள சூத்திரப்படி ஓர் ஏற்றம், அவ்வளவுதான் திரும்பும். அடுத்து வருகிறவருக்கும் வீடு கட்டுப்படியாக வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டு. நியூயார்க்கின் கோ-ஆப் சிட்டி இந்த வகை. 15,372 வீடுகள் கொண்ட அது உலகின் மிகப் பெரிய வீட்டுக் கூட்டுறவுகளில் ஒன்று.

மூன்றாவது வகையில் பங்குத்தொகை ஒரு முன்பணம் போலத்தான். போகும்போது போட்டது போட்டபடி திரும்பும், லாபம் கிடையாது. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலும் பல பழைய சங்கங்கள் இப்படித்தான் இயங்குகின்றன. மாதம் கட்டுவது வாடகை போலத் தெரிந்தாலும், அது செலவை ஈடுகட்டும் அளவுக்கு மட்டுமே நிர்ணயிக்கப்படுகிறது. சூரிச் வாக்காளர்கள் 2011-ல் ஒரு பொதுவாக்கெடுப்பில், நகரின் வாடகை வீடுகளில் மூன்றில் ஒரு பங்கை 2050-க்குள் இப்படி லாபநோக்கற்ற வீடுகளாக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள்.

நான்காவதாக, கட்டும் வரைக்கும் மட்டும் சங்கமாக இருப்பவை. சங்கம் நிலம் வாங்கி, வீடு கட்டி, கடன் தீர்ந்ததும் ஒவ்வொருவர் பெயருக்கும் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடும். இங்கே சேருகிறவர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பத்திரம் எந்த நாளில், எந்த நிபந்தனை நிறைவேறிய பிறகு என் பெயருக்கு வரும்? எழுத்தில் பதில் இல்லையென்றால் பணம் கட்டாதீர்கள்.

ஒரு பழக்கம் பெரும்பாலும் எல்லா வகையிலும் உண்டு: ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. பெரிய வீட்டுக்காரருக்கும் ஓர் அறை வீட்டுக்காரருக்கும் ஒரே எடை. 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் தொடங்கிய கூட்டுறவுக் கடை பின்பற்றிய நெறிகளில் இருந்து வந்த பழக்கம் இது. சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு 1995-ல் வகுத்த ஏழு கொள்கைகளில் இரண்டாவதாக இன்றும் இருக்கிறது. பங்கின் அளவைப் பொறுத்து வாக்கு எண்ணும் சங்கங்களும் உண்டு. உங்களுடையது எது என்பதைத் துணைவிதியில் பாருங்கள்.

மாதக் கட்டணம் எப்படி உருவாகிறது

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. 60 வீடுகள் உள்ள ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றே.

கடன் தவணை, காவல், துப்புரவு, பொது மின்சாரம், தண்ணீர், காப்பீடு, வரி, சிறு பழுது, கணக்காளர் சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் 50,400 ஆகிறது என்று வையுங்கள். 60-ஆல் வகுத்தால் வீட்டுக்கு 840. பல சங்கங்கள் இங்கேயே நிறுத்திவிடுகின்றன. அதுதான் பின்னால் வரும் எல்லாத் தகராறுக்கும் தொடக்கம்.

கட்டடத்தில் தேய்ந்துகொண்டே இருக்கும் பொருள்களுக்கு ஒரு பட்டியல் வேண்டும். மொட்டை மாடியின் நீர்க்காப்பு இன்னும் 10 வருடம் தாங்கும், மாற்ற 3,60,000 ஆகும். லிஃப்ட்டுக்கு இன்னும் 20 வருடம், செலவு 14,40,000. பம்புகளும் மோட்டார்களும் 8 வருடத்தில் மாற்ற வேண்டும், செலவு 57,600. ஒவ்வொன்றையும் மீதமுள்ள மாதங்களால் வகுத்து, பிறகு 60 வீடுகளால் வகுங்கள். மாடிக்கு 50, லிஃப்ட்டுக்கு 100, பம்புக்கு 10. ஆக, வீட்டுக்கு மாதம் 160. இதுதான் பெரும்பழுது நிதி. சில இடங்களில் சேம நிதி என்றும், சிங்க்கிங் ஃபண்ட் என்றும் சொல்வார்கள். 840-உம் 160-உம் சேர்ந்து 1,000. இதுவே உண்மையான மாதக் கட்டணம்.

இப்போது ஒரு நிர்வாகக் குழு "கட்டணத்தைக் குறைத்துவிட்டோம்" என்று சொல்லி 840-ஐ மட்டும் வசூலிக்கிறது. எட்டாவது வருடம் பம்பு நின்றுவிடும், வீட்டுக்கு 960 உடனே வேண்டும். பத்தாவது வருடம் மாடி ஒழுகும், வீட்டுக்கு 6,000 வேண்டும். இந்த இடைவெளியில் வீட்டை விட்டுப் போனவர்கள் பத்து வருடம் மாடியைத் தேய்த்துவிட்டுக் காசு கொடுக்காமல் போயிருப்பார்கள். நேற்று வந்தவர் முழுதையும் கட்டுவார். புதிதாகச் சேருகிற உங்களுக்கு இது நேரடியாக வந்து விழும் சுமை.

இந்தக் கணக்கிலும் ஓர் ஓட்டை உண்டு. விலைவாசி நிற்காது. வருடம் 5 சதவீதம் ஏறினால் இன்று 3,60,000 ஆகும் மாடி வேலைக்குப் பத்து வருடம் கழித்து ஏறத்தாழ 5,86,000 ஆகும். மாதம் 50 வீதம் சேர்த்தவர்கள் கையில் வீட்டுக்கு 6,000 இருக்கும், தேவையோ 9,770 இருக்கும். வைப்பில் கிடைக்கும் வட்டி இந்த இடைவெளியில் ஒரு பகுதியை நிரப்பும், முழுதையும் நிரப்பும் என்று நம்ப முடியாது. ஆகவே பட்டியலை வருடம் ஒருமுறை புதிய விலையில் போட்டு, 50-ஐ 54, 58 என்று சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஆண்டுதோறும் சற்று ஏறும் கட்டணத்தைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். ஏழு வருடமாக ஒரு காசும் ஏறாத கட்டணம்தான் பயப்பட வேண்டியது.

கட்டாதவர்களின் பாரத்தையும் பார்த்துவிடுங்கள். மாதம் 60,000 வர வேண்டிய இடத்தில் 6 வீடுகள் கட்டவில்லை என்றால் 54 வீடுகள்தான் மிச்சம். கடன் தவணை இதற்காகக் காத்திருக்காது. ஒவ்வொருவரும் 1,111 கட்ட வேண்டும், அல்லது பெரும்பழுது நிதியில் கைவைக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும், ஏனென்றால் அது யார் கண்ணுக்கும் உடனே படாது.

சேருவதற்கு முன் கேட்டு வாங்க வேண்டியவை

கேட்கத் தயங்காதீர்கள். ஒழுங்காக நடக்கும் சங்கத்தில் செயலாளர் மகிழ்ச்சியோடு எடுத்துக் காட்டுவார். காட்ட மறுத்தால் அந்த மறுப்பே உங்களுக்குத் தேவையான தகவல்.

முதலில் துணைவிதிகள். முழுதும் படியுங்கள், ஒரு மாலை நேரம் போதும். பங்கைத் திருப்பித் தரும் முறை, உள்வாடகைக்கு விடலாமா, சுவரை இடித்து மாற்ற யார் அனுமதி வேண்டும், வளர்ப்புப் பிராணி, வீட்டிலிருந்து தொழில் செய்வது, உறுப்பினரை நீக்கும் முறை ஆகிய இடங்களில் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். நீக்கும் முறையில் முன்னறிவிப்பு, பதில் சொல்ல வாய்ப்பு, பேரவையில் (எல்லா உறுப்பினர்களும் கூடும் பொதுக் கூட்டத்தில்) முறையீடு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும்.

அடுத்து, கடைசி மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கு. வரவு செலவை விட ஐந்தொகையை (சங்கத்தின் சொத்தும் கடனும் காட்டும் தாளை) முதலில் பாருங்கள். நிலுவை என்ற வரியில் எவ்வளவு நிற்கிறது? அதை ஒரு மாதத்தில் எல்லா வீடுகளிலிருந்தும் வர வேண்டிய மொத்தத் தொகையோடு ஒப்பிடுங்கள். பாதி மாதத்துக்குள் இருந்தால் சங்கம் விழிப்போடு வசூலிக்கிறது என்று பொருள். ஒரு மாதத்தைத் தாண்டினால் காரணம் கேளுங்கள். இரண்டு மாதத்தைத் தாண்டி, மூன்று ஆண்டுகளாக ஏறிக்கொண்டும் இருந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது. பெரும்பழுது நிதி தனி வங்கிக் கணக்கிலோ வைப்பிலோ இருக்கிறதா என்றும் பாருங்கள். காகிதத்தில் நிதி இருக்கும், வங்கியில் பணம் இருக்காது. அந்தப் பணம் அன்றாடச் செலவில் கரைந்திருக்கும். தணிக்கையாளரின் குறிப்புகளில் "நிதிக்கு இணையான முதலீடு இல்லை" என்ற பொருளில் ஒரு வரி வந்தால் அதுதான் அது.

மூன்றாவது, கூட்ட நடவடிக்கைகளை எழுதும் மினிட்ஸ் புத்தகம். கடைசி இரண்டு வருடக் கூட்டங்களைப் புரட்டுங்கள். கணக்கில் தெரியாத சண்டை, ஒழுகும் குழாய், நீதிமன்ற வழக்கு எல்லாம் இதில் தெரியும். ஒரே விஷயம் நான்கு கூட்டங்களில் "அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்" என்று முடிந்திருந்தால் அந்தச் சங்கத்தால் முடிவெடுக்க முடியவில்லை.

நான்காவது, கடன் பத்திரங்கள். மீதி எவ்வளவு, வட்டி நிலையானதா மாறக்கூடியதா, எப்போது முடிகிறது, முடிவில் மொத்தமாகக் கட்ட வேண்டிய பெருந்தொகை இருக்கிறதா? டென்மார்க்கில் 2000-களில் சில வீட்டுக் கூட்டுறவுகள் வட்டி மாற்று ஒப்பந்தங்களோடு (மாறும் வட்டிக்குப் பதில் நிலையான வட்டியைக் கட்ட ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு) சிக்கலான கடன்களை வாங்கின. வட்டி விகிதம் விழுந்தபோது ஒப்பந்தத்திலிருந்து வெளியேறும் செலவு மலையாக ஏறி, சில சங்கங்கள் திவாலாகும் நிலைக்குப் போயின. அந்தக் கடன்களுக்குப் பேரவையில் கை தூக்கியவர்கள் அங்கே குடியிருந்த உறுப்பினர்கள்தான். புரியாத கடனுக்குக் கை தூக்காதீர்கள்.

நிலம் குத்தகையா என்பதையும் கேளுங்கள். குத்தகையானால் எத்தனை ஆண்டு மீதி, புதுப்பிக்கும்போது தொகை எப்படிக் கணக்கிடப்படும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அரசு மானியம் பெறும் சங்கமானால் அந்த ஒப்பந்தம் முடியும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மானியம் நின்ற மறுமாதம் கட்டணம் தாவும்.

கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கும்போது

உங்களுக்கு வரப்போகும் வீட்டைக் கடைசியாகப் பாருங்கள். மொட்டை மாடியில் தொடங்குங்கள்: நீர் தேங்கிய கறை, விரிசல், மழைநீர்க் குழாய் வாயில் குப்பை. பிறகு மேல்தளத்து வீடுகளின் உட்கூரை. அடுத்து பம்பு அறை, மின்பலகை அறை, கீழ்த்தொட்டி, மேல்தொட்டியின் மூடி. தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது என்று கேளுங்கள். தேதி எழுதி ஒட்டியிருந்தால் நிர்வாகம் நன்றாக இருக்கிறது. கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா என்று வாகன நிறுத்தத்தின் தூண்களையும் பால்கனிகளின் அடிப்பாகத்தையும் பாருங்கள். அது சாதாரணப் பூச்சு வேலையில் போகாது, கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டிய விஷயம்.

மாலை ஏழு மணிக்கு மேல் ஒருமுறை போய் வாருங்கள். மாடிப்படி விளக்குகள் எரிகின்றனவா, அறிவிப்புப் பலகையில் இருப்பது இந்த மாதத்து அறிவிப்பா என்று பார்த்துவிட்டு, இரண்டு மூன்று குடியிருப்பாளர்களிடம் பேசுங்கள். "கடைசிப் பேரவைக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள்?" என்று கேட்டால் போதும்.

விண்ணப்பம் முதல் சாவி வரை

பொதுவாக வரிசை இப்படி இருக்கும். விண்ணப்பத்தோடு அடையாளச் சான்று, வருமானச் சான்று, குடும்ப விவரம் கொடுக்க வேண்டும். சிறு தொகை நுழைவுக் கட்டணமாகப் போகும், இது திரும்பாது. பல சங்கங்களில் காத்திருப்போர் பட்டியல் உண்டு. நார்வேயில் 1929-ல் தொடங்கிய ஓபோஸ் சங்கத்தில் உறுப்பினராக இருந்த ஆண்டுகளின் எண்ணிக்கைப்படி முன்னுரிமை கிடைக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் வீடு தேவைப்படும் நாளுக்குப் பல வருடம் முன்பே உறுப்பினராகிவிடுவதுதான் வழி. பட்டியலில் உங்கள் எண்ணை எழுத்தில் வாங்குங்கள். வருடந்தோறும் விருப்பத்தைப் புதுப்பிக்க வேண்டுமா என்றும் கேளுங்கள், மறந்தால் பெயர் விழுந்துவிடும்.

பிறகு உறுப்பினர் குழுவோடு ஒரு சந்திப்பு. இதைத் தேர்வாக நினைத்துப் பதற வேண்டாம். உங்களால் கட்டணம் கட்ட முடியுமா, பொது வேலையில் பங்கெடுப்பீர்களா என்பதுதான் அவர்கள் கேள்வி. சாதி, மதம், உணவு, திருமண நிலை பற்றிக் கேட்டால் அது கூட்டுறவின் முதல் கொள்கைக்கே எதிரானது. பாகுபாடற்ற, திறந்த உறுப்பினர் தன்மைதான் அந்த முதல் கொள்கை.

ஏற்றுக்கொண்ட தீர்மானத்தின் நகல் வந்த பிறகுதான் பங்குத்தொகை கட்ட வேண்டும். வங்கி வழியாக, சங்கத்தின் கணக்குக்கு. தனிநபர் கணக்குக்கோ ரொக்கமாகவோ எந்தத் தொகையும் வேண்டாம். பங்குக்காக வங்கிக் கடன் தேவையென்றால் முன்பே விசாரியுங்கள். பத்திரம் இல்லாமல் பங்கை மட்டும் ஈடாக ஏற்கும் வங்கிகள் எல்லா இடத்திலும் இல்லை. பலர் தடுமாறி நிற்கும் இடம் இது.

சாவி வாங்கும் நாளில் வீட்டின் நிலையை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். குழாய், மின்சாதனம், கதவு, சுவர்க் கறை எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். மீட்டர் அளவைக் குறியுங்கள். பங்குச் சான்றிதழ் எண், உறுப்பினர் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறிய பக்கம் இரண்டையும் கண்ணால் பாருங்கள். அதே நாளில் நியமனதாரர் (உங்களுக்குப் பின் பங்கைப் பெற நீங்கள் பெயர் குறிக்கும் நபர்) படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். தள்ளிப்போட்டுப் போட்டு, உறுப்பினர் இறந்த பின் குடும்பம் வருடக்கணக்கில் அலைவது பல சங்கங்களில் நடக்கிறது. பத்து நிமிட வேலை அது.

காப்பீட்டிலும் ஒரு தெளிவு வேண்டும். சங்கத்தின் காப்பீடு கட்டடத்துக்கு மட்டும்தான். உங்கள் அலமாரி, மின்சாதனம், உங்கள் குளியலறையிலிருந்து ஒழுகிக் கீழ்வீட்டுக்கு ஏற்படும் சேதம் ஆகியவற்றுக்கு நீங்கள் தனியாக எடுக்க வேண்டும். சுவருக்குள் போகும் குழாயின் எந்தப் பகுதி யார் பொறுப்பு? பல துணைவிதிகளில் எல்லா வீடுகளுக்கும் பொதுவான செங்குத்துக் குழாய் சங்கத்துக்கும், அதிலிருந்து உங்கள் வீட்டுக்குள் பிரியும் கிளை உங்களுக்கும் என்று இருக்கும். இதை எழுதாத சங்கத்தில் மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் பேச்சுவார்த்தை முறிவதற்கு ஓர் ஒழுகல் போதும்.

பேரவையும் குழுவும்

எல்லா உறுப்பினர்களும் சேர்ந்த பொதுப் பேரவைதான் உச்ச அதிகாரம். அது ஆண்டுக்கு ஒருமுறையாவது கூடி கணக்கை ஏற்கும், வரவுசெலவுத் திட்டத்தையும் கட்டணத்தையும் முடிவு செய்யும், தணிக்கையாளரை நியமிக்கும், நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். குழு அன்றாட வேலையைப் பார்க்கும். சம்பளத்துக்கு மேலாளர் இருந்தால் அவர் குழுவுக்குப் பதில் சொல்வார்.

கூட்ட அறிவிப்போடு நிகழ்ச்சி நிரலும் கணக்கும் முன்கூட்டியே கைக்கு வர வேண்டும். எத்தனை நாள் முன்பு, குறைவெண் (கூட்டம் செல்லக் குறைந்தபட்சம் வர வேண்டிய உறுப்பினர் எண்ணிக்கை) எவ்வளவு என்பது துணைவிதியில் இருக்கும். "இதர விஷயங்கள்" என்ற கடைசி வரியின் கீழ் பெரிய செலவை நிறைவேற்றப் பார்த்தால் எழுந்து ஆட்சேபம் சொல்லுங்கள், அதை மினிட்ஸில் பதியச் சொல்லுங்கள். உங்களுக்கு ஏதாவது மாற வேண்டுமென்றால் கூட்டத்தில் குரல் உயர்த்துவதால் பயன் குறைவு. தீர்மானத்தை இரண்டு வரியில் எழுதி, செலவு எவ்வளவு, பணம் எங்கிருந்து என்று சேர்த்து, முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் என்று அறிவிப்புக் காலத்துக்கு முன் செயலாளரிடம் கொடுங்கள்.

பணம் கசியாமல் இருக்க நான்கு சிறு ஏற்பாடுகள் போதும்: காசோலைக்கு இரண்டு கையெழுத்து, குறிப்பிட்ட தொகைக்கு மேல் மூன்று விலைப்புள்ளிகள், அதையும் தாண்டினால் பேரவையின் ஒப்புதல், குழு உறுப்பினரின் உறவினர் ஒப்பந்தம் கேட்டால் அந்த உறுப்பினர் அந்த முடிவில் கலந்துகொள்ளாமை. இவை நேர்மையான பொருளாளரைச் சந்தேகிப்பதற்கல்ல, அவரைப் பாதுகாப்பதற்கு.

எங்கே கெட்டுப்போகிறது

சங்கங்கள் ஒரே நாளில் சாய்வதில்லை. பெரும்பாலும் தொடக்கம், கூட்டத்துக்கு ஆள் வராததுதான். வேலை செய்யும் நான்கு பேர் பத்து வருடம் தொடர்ந்து குழுவில் இருப்பார்கள். முதலில் களைப்பார்கள், பிறகு கேள்வி கேட்பவர்கள்மேல் கோபம் வரும், கடைசியில் கணக்கைக் காட்டுவதே அவமானம் என்று நினைக்கத் தொடங்குவார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கு மாற்று ஆள் வரவில்லை. பதவிக்காலத்துக்கு வரம்பு, ஒவ்வொரு வருடமும் குழுவில் மூன்றில் ஒரு பங்கினர் மாறுவது ஆகிய இரண்டும் இந்த நோயைத் தடுக்கும். குழு மொத்தமாக மாறினாலும் சிக்கல்தான், பம்பு அறைச் சாவி எங்கே என்றுகூடத் தெரியாதவர்கள் வந்து உட்காருவார்கள்.

நிலுவையைத் தாமதமாகத் தொடுவது அடுத்த பிழை. பத்தாம் நாள் ஒரு நினைவூட்டல், முப்பதாம் நாள் எழுத்தில் கடிதம், அறுபதாம் நாள் நேரில் பேசித் தவணை ஒப்பந்தம். இந்த ஒழுங்கு எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். வேலை இழந்தவருக்கு ஒரு மாத நிலுவையில் தவணை போட்டுக் கொடுத்தால் அவர் மீண்டுவிடுவார். அதே மனிதரை எட்டு மாதம் "பாவம்" என்று விட்டுவிட்டுப் பிறகு நோட்டீஸ் கொடுத்தால் வீட்டையே இழப்பார். இரக்கம் இருக்கிற சங்கம் சீக்கிரம் கதவைத் தட்டும்.

கட்டணம் ஏறும்போது காரணம் சொல்லாததும் சங்கத்தை உடைக்கும். கோ-ஆப் சிட்டியில் கட்டுமானச் செலவும் கடனும் எதிர்பார்த்ததை விட வெகுவாக ஏறி, மாதக் கட்டணம் திரும்பத் திரும்ப உயர்ந்தபோது 1975-ல் குடியிருப்பாளர்கள் கட்டணம் கட்ட மறுத்தார்கள். அந்தப் போராட்டம் 13 மாதம் நீடித்து, நிர்வாகம் குடியிருப்பாளர்கள் கைக்கு வந்த பிறகே முடிந்தது. வந்த பிறகு கடனும் அவர்கள் கைக்கு வந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

உள்வாடகை இன்னொரு மெதுவான அரிப்பு. பாதி வீடுகளில் உறுப்பினரல்லாதவர்கள் குடியிருந்தால் பேரவையில் குறைவெண் கூடாது, மாடி ஒழுகுவதைப் பற்றி வெளியூரில் இருக்கும் உறுப்பினருக்கு அவசரமும் இருக்காது. காலவரம்போடு அனுமதிப்பதும், மொத்த வீடுகளில் இத்தனை சதவீதத்துக்கு மேல் கூடாது என்று வைப்பதும் நடுவழி.

இவ்வளவுக்கும் பதிலாக என்ன கிடைக்கிறது

முதலாவது, நிலைத்திருக்கும் உரிமை. கட்டணம் கட்டி, விதிகளை மதிக்கும் வரை உங்களை யாரும் "அடுத்த மாதம் காலி செய்யுங்கள்" என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிக்கலாம், வயதானவர்கள் பழகிய தெருவிலேயே இருக்கலாம். வாடகைக்கு இருந்து நான்கு வீடு மாறியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இரண்டாவது, செலவு விலை. யாருக்கும் லாபம் எடுத்து வைக்க வேண்டியதில்லை. இந்த ஆதாயம் முதல் வருடத்தில் பெரிதாகத் தெரியாது, காலம் போகப் போகத்தான் தெரியும். சந்தை வாடகை நிலத்தின் விலையோடு ஏறிக்கொண்டே போகும். கூட்டுறவுக் கட்டணத்தின் பெரும்பகுதி கடன் தவணை, வட்டி நிலையானதாக இருந்தால் அது பழைய விலையில் உறைந்து நிற்கும். கடன் தீர்ந்ததும் அந்தப் பகுதி மறைந்துவிடும். இதனால்தான் பழைய சங்கங்களின் வீடுகள் சுற்றியுள்ள வாடகையை விட மலிவாக இருக்கின்றன. இரண்டு மூன்று வருடத்துக்குள் ஊர் மாறப் போகிறவருக்கு இந்தக் கணக்கு கட்டாது. நுழைவுக் கட்டணமும் வெளியேறும் செலவும் ஆதாயத்தைத் தின்றுவிடும். அவர்கள் வாடகைக்கு இருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

தனியாக வாங்க முடியாததைக் கூட்டாக வாங்கும் வலிமையும் இருக்கிறது. கூரைமேல் சூரிய மின்தகடு, மழைநீர்ச் சேமிப்பு, சலவை அறை, கருவிகள் வைக்கும் அறை என்று பலவும் இதில் வரும். சூரிச்சில் 2014-ல் திறந்த கால்க்பிரைட்டே கூட்டுறவு டிராம் பணிமனைக்கு மேலே கட்டப்பட்டது. அங்கே விருந்தினர் அறைகள் எல்லோருக்கும் பொது. வருடத்தில் பத்து நாள் வரும் விருந்தினருக்காக ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அறையைக் கட்டி வைக்க வேண்டியதில்லை.

பணமே குறைவாக இருப்பவர்களுக்கும் வழி உண்டு. உருகுவேயில் 1968-ன் வீட்டுச் சட்டம் பரஸ்பர உதவிக் கூட்டுறவுகளை அங்கீகரித்தது. 1970-ல் அவற்றின் கூட்டமைப்பான ஃபுக்வாம் உருவானது. அந்தக் கூட்டுறவுகளில் ஒவ்வொரு குடும்பமும் கட்டுமானத்தில் வாரத்துக்கு 21 மணி நேரம் உழைக்கிறது. அந்த உழைப்பே அவர்கள் போடும் முதல். வீடு முடியும் வரை எந்த வீடு யாருக்கு என்று தெரியாதபடி பல குழுக்கள் வைத்துக்கொள்கின்றன, எல்லாச் சுவரும் ஒரே கவனத்தோடு எழும்புகிறது.

போகும்போது

வெளியேறும் முடிவை எழுத்தில் கொடுங்கள். முன்னறிவிப்புக் காலம் சில மாதங்களிலிருந்து ஒரு நிதியாண்டு முடிவு வரைகூட இருக்கலாம், பங்குத்தொகை அதற்குப் பிறகுதான் வரும். அந்தப் பணத்தை நம்பி அடுத்த வீட்டுக்கு முன்பணம் பேசிவிடாதீர்கள். பங்கை விற்கும் வகையானால் வாங்குபவரைச் சங்கம் ஏற்க வேண்டும், முதல் வாங்கும் உரிமை சங்கத்துக்கே இருக்கலாம். நீங்கள் செய்த மேம்பாடுகளுக்கு ஈடு கிடைக்குமா என்பது அனுமதிக் கடிதமும் ரசீதும் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. நிலுவையில்லாச் சான்று வாங்குங்கள், மீட்டர் அளவை மறுபடி குறியுங்கள், சாவி வாங்கிய நாளில் எழுதிய தாளை எடுத்து அறை அறையாக ஒப்பிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். அசல் பங்குச் சான்றிதழைத் திருப்பிக் கொடுக்கும்போது அதற்கு எழுத்தில் ஒப்புகை பெறுங்கள். உறுப்பினர் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே விலகிய தேதி ஏறிய பக்கத்தின் நகலை, கடைசித் தொகை வங்கியில் ஏறும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.